ஜெபம் வரவில்லை, பலனும் இல்லை, திரும்பிவிடலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. இரண்டு வருடம் ஊழியம் செய்வதாக ஒப்புக்கொடுத்து வெளிநாட்டுக்கு மிஷனரியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. என்னோடு இன்னொரு அக்காவும் இருக்கிறார். ஒரே வீடு, ஒரே ஊழியம். காலையில் தியானம், அப்புறம் மொழி வகுப்பு, மதியத்துக்கு மேல் வீடு சந்திப்பு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுகிறேன், வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்தாகத்தான் தெரிகிறது. போன வாரம் மாதாந்தர ஜெப அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'இந்த மாதமும் கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்தார்' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். இதுவரை ஒருவர்கூட விசுவாசத்துக்குள் வரவில்லை. அக்காவோடும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உரசல். ராத்திரி தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் 'அழைப்பு இல்லாமலே போய்விட்டாள்' என்பார்கள். என் விசுவாசம் போய்விட்டதா? ஊருக்குத் திரும்பிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

விசுவாசம் போய்விட்டது என்று சொல்லும்படி உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தென்படவில்லை. களைப்பு தெரிகிறது, தனிமை தெரிகிறது, தூக்கம் கெட்டிருப்பது தெரிகிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் அடிபடுவது ஜெபம்தான். வெளிநாட்டு ஊழியத்தில் இருப்பவர்களோடு மனநல ஆலோசகராகப் பேசிவருகிற எனக்கு இது பழக்கமான சங்கதி. திரும்பிவிடலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதை இப்போது முடிவு செய்யக்கூடாது என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் கட்டம் புதிதல்ல. அந்நிய நாட்டில் போய்க் குடியிருப்பவர்களைப் பற்றி கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-ல் ஒரு கட்டுரை எழுதினார். வந்த புதிதில் எல்லாமே அழகாகத் தெரியும், அந்தத் தேனிலவு சில நாளிலிருந்து ஆறு மாதம்வரை நீடிக்கலாம், அதன்பின் எரிச்சலும் சோர்வும் ஊர் ஏக்கமும் வரும் என்றார். உங்களுக்கு ஜெபம் வறண்டது ஆறாவது மாதத்தில். புதுமை போய்விட்டது, மொழி இன்னும் கைக்கு வரவில்லை. இந்த இடைவெளியில் நல்ல விசுவாசிகளும் தடுமாறுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் அந்த ஜெப அறிக்கைதான். ஒரு மணி நேரம் எழுத முடியாமல் போனது, எழுத விஷயம் இல்லாததால் இல்லை. விஷயம் நிறைய இருந்தது. எனக்கு எழுதிய கடிதத்தில் அத்தனையும் இருக்கிறதே. அனுப்பிவைத்த சபை சோர்ந்துபோகும், காணிக்கை கொடுக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், போதகர் வருத்தப்படுவார் என்று, உண்மையாக நடந்ததையெல்லாம் எழுதுவதற்கு முன்பே அடித்துவிட்டீர்கள். மிச்சம் இருந்தது அந்த ஒரே வரி.

இதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. எட்டு மாதமாக அந்தத் தோரணையில் எழுதிப் பழகியவர், முழங்காலில் நின்றாலும் அதே தோரணையில்தான் பேசப் பார்ப்பார். ஆண்டவருக்கும் நீங்கள் அறிக்கைதான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நல்ல செய்தி இருக்கும் நாளில் வார்த்தை வருகிறது. இல்லாத நாளில் வாய் அடைத்துப்போகிறது. நீங்கள் அதை வறட்சி என்கிறீர்கள். பயந்துபோன பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பம். அதிலாவது கடைசியில் பாட்டு வந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு உங்கள் தனி ஜெபத்தை இப்படிச் சுருக்கிக்கொள்ளுங்கள்: இந்த இரண்டில் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். அதன்பின் அன்றைக்கு நடந்ததை மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். "இன்றைக்கு அந்த வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா ஒன்றுமே நடக்காதது மாதிரி நடந்து வந்தார், அவர்மேல் கோபம் வந்தது. நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியவில்லை." அவ்வளவுதான், ஆமென். ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்வதைவிட இது மேல்.

பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். 1813-ல், உங்களைவிட ஒரு வயது மூத்தவராக, ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஞானஸ்நானம் 1819-ல். 1834-ல் பர்மிய மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். மிஷனரிக் கூட்டங்களில் இந்த மூன்று வருடங்களும் தவறாமல் வரும். நடுவில் 1829 என்றொரு வருடம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் சிறையிருந்து மீண்டபின் 1826-ல் மனைவி ஆன் இறந்தார். சில மாதத்தில் கைக்குழந்தையும் போய்விட்டது. ஜட்சன் காட்டோரம் ஒரு குடிலில் தனியே போய் இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவன் தனக்கு அறியப்படாதவராகவே இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று 1829-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதை எழுதிய அதே மனிதர்தான் ஐந்து வருடத்துக்குள் மொழிபெயர்ப்பை முடித்தது. இதை யாராவது உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், இந்த எட்டு மாதமும் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள்.

சரி, அறிக்கையை என்ன செய்வது? உண்மையை எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொட்டுவதென்று அர்த்தம் இல்லை. இப்படி எழுதலாம், உங்கள் விவரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"இந்த மாதம் எனக்குக் கடினமாக இருந்தது. மொழி வகுப்பில் பின்தங்கியிருக்கிறேன். போன மாதம் எங்களை அன்பாக வரவேற்ற ஒரு குடும்பம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. பிள்ளைகள் வகுப்புக்கு நான்கு பேர் விடாமல் வருகிறார்கள். அதில் ஒரு சிறுமி என் உச்சரிப்பைத் திருத்திக் கொடுக்கிறாள். சில வாரங்களாக ஜெபிப்பது எனக்குப் பாரமாக இருக்கிறது. எனக்காக ஜெபியுங்கள், என் தூக்கத்துக்காகவும்."

இதை வாசித்து ஒன்றிரண்டு பேர் முகம் சுளிக்கலாம். பெரும்பாலானவர்கள் முதல்முறையாக உங்களுக்காக உண்மையாக ஜெபிப்பார்கள். அக்காவோடு உள்ள உரசலை மட்டும் இதில் எழுத வேண்டாம். சந்திக்கிற குடும்பங்களின் பெயர், நோய், வீட்டுச் சண்டை எதுவும் வேண்டாம். அறிக்கை எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. உங்களை நம்பி வீட்டுக்குள் விட்டவர்களுக்கு அதனால் சங்கடம், சில நாடுகளில் ஆபத்துகூட வரலாம்.

முழு உண்மைக்கு வேறு ஆள் வேண்டும். ஒருவர் போதும், இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஊழியத்தில் உங்களுக்கு மேலே இல்லாதவராக, சொன்னதும் வசனத்தை எடுத்து வீசாதவராக, வேறொரு வாய்க்குக் கொண்டுபோகாதவராக இருக்க வேண்டும். அன்னை தெரேசா தன் உள்ளத்தில் பல வருடம் இருந்த இருளை மேடையில் சொல்லவில்லை. ஆனால் தனக்கு ஆன்மிக வழிகாட்டிகளாக இருந்த குருக்களுக்குக் கடிதங்களில் எழுதினார். அவர் மறைந்து பத்து வருடம் கழித்து, 2007-ல் அவை புத்தகமாக வெளிவந்தன. அவருக்கே சொல்ல ஆள் தேவைப்பட்டது. நீங்கள் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்தாக வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

அப்புறம் மொழி. இதை ஆன்மிக விஷயமாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நாள் முழுக்க அரைகுறையாகப் புரிகிற மொழியில் கேட்டு, தேடித்தேடி வார்த்தை எடுத்துப் பேசினால், சாயங்காலம் மூளைக்கு வேறெதற்கும் தெம்பு இருக்காது. ஊரில் நீங்கள் வேதபாடம் எடுத்தவர், கூட்டத்தில் சாட்சி சொன்னவர். அங்கே ஐந்து வயதுப் பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்த இறக்கம் வலிக்கத்தான் செய்யும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் இதே வயதில்தான், 1706-ல், தரங்கம்பாடிக்கு வந்தார். 24-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகினார். ஒன்பது வருடத்தில் அதே மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்துவிட்டது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். எட்டு மாதமாக ஞாயிறு ஆராதனையில் பாதிகூடப் புரியாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். மற்ற ஆறு நாளும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலை. உங்களுக்கென்று யார் போதிக்கிறார்கள்? வாரத்தில் ஒரு நாள், தாய்மொழியில் ஒரு பிரசங்கத்தை, சிறு வயதிலிருந்து தெரிந்த இரண்டு பாட்டுகளை, பாடம் தயாரிப்பதற்காக இல்லாமல் சும்மா கேளுங்கள். குறிப்பு எடுக்காதீர்கள். ஜெபமும் தாய்மொழியிலேயே இருக்கட்டும். மொழிப் பயிற்சிக்காகத் தனி ஜெபத்தையும் புது மொழியில் செய்கிறவர்கள் உண்டு. இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடக் கொடுத்தான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, பசி மாறுவது, காரணமில்லாத அழுகை, தன்னைப் பயனற்றவராக எண்ணுவது போன்றவை இரண்டு வாரத்துக்குமேல் விடாமல் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆகவே இந்த வாரமே போங்கள். ரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இவையும் இதே சோர்வைத் தரும். மலேரியா வராமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், அதன் பெயரைப் பாருங்கள். மெஃப்ளோகுயின் என்ற மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், பதற்றமும் மனச்சோர்வும் உண்டாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அதைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். ஒரு மாத்திரையின் வேலையை விசுவாசக் குறைவு என்று நினைத்து அழுகிறவர்கள் இருக்கக்கூடாது.

'செத்துப்போனால் நன்றாயிருக்கும்' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றைக்கே அக்காவிடமும் பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி தனியாக இருக்காதீர்கள்.

அக்கா விஷயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. தேர்ந்தெடுக்காத ஒருவரோடு 24 மணி நேரமும் இருந்தால் யாருக்கும் உரசல் வரும். பவுலும் பர்னபாவுமே தாங்கவில்லை. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் வைத்து, ராத்திரியில் இல்லாமல், இருவரும் தெம்பாக இருக்கும்போது பேசுங்கள். ஆளுக்கு ஒரு நன்றி, ஆளுக்கு ஒரு குறை, அதற்குமேல் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது இருவரும் தனித்தனியாக இருக்க வழி பண்ணுங்கள். ஒருவேளை அவருக்கும் இதே வறட்சி இருந்து, உங்களுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கலாம். அப்படியும் பார்த்திருக்கிறேன்.

ஊர் ஞாபகம் வருவதைக் குற்றமாக நினைக்காதீர்கள். 1546-ல் கிழக்குத் தீவுகளில் இருந்த சவேரியார், நண்பர்கள் கடிதங்களில் போட்டிருந்த கையெழுத்துகளை வெட்டியெடுத்து எப்போதும் தன்னோடு வைத்திருப்பதாக அவர்களுக்கே எழுதினார். நீங்கள் வீட்டோடு பேசுவதற்கு ஒரு ஒழுங்கு இருந்தால் நல்லது. மார்மன்கள் என்று நாம் சொல்கிற சபையார், கோட்பாட்டில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு, ஆனால் ஆயிரக்கணக்கான இளம்பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உலகமெங்கும் அனுப்பிப் பழகியவர்கள். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் பேசவிடுவார்கள். 2019 முதல் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். துணி துவைக்க, வீடு ஒழுங்குபடுத்த, கடிதம் எழுத என்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியும் கொடுக்கிறார்கள். இந்த இரண்டும் உங்களுக்கும் பொருந்தும். வாரம் ஒருநாள் அம்மா அப்பாவோடு முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். தூக்கம் வராத ராத்திரியில் போனை எடுத்து ஊர்க் குழுக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை விடுங்கள்; அதில் ஏக்கமும் தீராது, தூக்கமும் வராது.

ஒருவர்கூட வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார்; முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில். ஏழு வருடம். மொழியே வராத எட்டு மாதத்தை வைத்து உங்களை நிறுத்துப் பார்க்காதீர்கள். கேரியைச் சொல்லும்போது அவர் மனைவி டாரதியையும் சொல்லாமல் விடக்கூடாது. வந்த அடுத்த வருடமே ஐந்து வயது மகனைப் பறிகொடுத்து, மனம் கலங்கி, அது குணமாகாமலே 1807-ல் இறந்துபோனார். அந்த வீட்டில் ஊழியம் வளர்ந்தது, அவரை யாரும் சரியாகக் கவனிக்க முடியவில்லை. உங்கள் உடம்பையும் மனதையும் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, திரும்புவதா வேண்டாமா? சவேரியாரை அனுப்பிவைத்தவரும் இயேசு சபையைத் தொடங்கியவருமான இஞ்ஞாசியார் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: உள்ளம் இருண்டு கிடக்கும் வேளையில், அதற்கு முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஆலோசகனாக நானும் அதையே சொல்வேன், ஒரு விலக்கோடு. மருத்துவர் போகச் சொன்னாலோ, அங்கே உங்கள் பாதுகாப்புக்கு ஏதாவது கேடு இருந்தாலோ, விதியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர், தூக்கம், உண்மையைச் சொல்ல ஓர் ஆள், தாய்மொழி ஆராதனை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு: இவை நடந்து மூன்று மாதம் ஆனபின் அந்தக் கேள்வியை எடுங்கள். களப் பொறுப்பாளரிடம் இப்போதே போய், "எனக்கு உடம்பும் மனமும் சரியில்லை, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், ஒரு வாரம் விடுப்பு வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதும். அழைப்பைப் பற்றிய விவாதத்தை அன்றைக்குத் தொடங்க வேண்டாம்.

அப்போதும் திரும்புவதுதான் சரி என்று தெரிந்தால், திரும்புங்கள். மாற்கு என்னும் யோவான் பெர்கே ஊரிலேயே பவுலை விட்டு வீட்டுக்குத் திரும்பியவன். அதனாலேயே பவுலுக்கும் பர்னபாவுக்கும் பிரிவினை வந்தது. அதே பவுல் கடைசிக் காலத்தில் அவனை அழைத்துக்கொண்டு வரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. 'அழைப்பு இல்லாமலே போய்விட்டாள்' என்று பேசுகிறவர்கள் அந்த நிருபத்தையும் வாசிக்கட்டும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மலேரியா மாத்திரை எடுக்கிறீர்களா, எந்த மாத்திரை என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.